யாழினியின் மூக்கெலும்பு: சாந்திக்கு ஒரு கடிதம்

கோத்தகிரி,
மார்கழி மாதம்

அன்புள்ள சாந்தி,

உன் கடிதம் வெள்ளிக்கிழமை கிடைத்தது. அம்மாவுக்குக் கண்புரை ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் மிகவும் சந்தோஷம். சொட்டு மருந்தை மட்டும் நேரம் தவறாமல் விட்டுவிடு. இங்கே குளிர் வாட்டி எடுக்கிறது. ஊட்டிக்குப் பக்கத்தில் தலைக்குந்தாவில் உறைபனி கொட்டுவதாகச் சொல்கிறார்கள். எங்கள் பக்கம் அந்த அளவுக்கு இல்லை. பச்சைத் தேயிலைக்குக் கிடைக்கிற விலையில் பறிப்புக் கூலி போக மிஞ்சுவது சொற்பம்தான். தோட்டத்தை விற்றுவிடலாமா என்று அண்ணன் புலம்பிக்கொண்டிருக்கிறார். காட்டுமாடுகளுக்கு அந்தக் கவலையெல்லாம் இல்லை. சாயங்காலமானால் வாசல்வரை வந்துவிடுகின்றன.

யாழினியின் மூக்கை ஆபரேஷன் செய்து ஒடுக்கலாமா என்று கேட்டிருந்தாய், அந்த விஷயத்துக்கு வருகிறேன். மாப்பிள்ளையின் அத்தை “பெண்ணுக்கு மூக்கு கொஞ்சம் பரந்திருக்கிறது” என்று சொன்னதைப் படித்ததும் எனக்குக் கோபம் பற்றிக்கொண்டு வந்தது. எங்கள் மலைக்கு இந்தப் பேச்சு பழையது. மூக்கு அகலமாக ஆக, சமூகத்தில் அந்தஸ்து குறையும் என்று 1891-இல் ரிஸ்லி என்ற வெள்ளைக்கார அதிகாரி எழுதிவைத்தார். சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன் அளவுகோலோடு நீலகிரிக்கு ஏறிவந்து தோடர், கோத்தர், படகர் மூக்குகளையெல்லாம் அளந்தார். அகலத்தை உயரத்தால் வகுத்து நூறால் பெருக்கி ஆளுக்கு ஓர் எண். அந்தக் கணக்கை அறிவியல் என்றோ தூக்கிப் போட்டுவிட்டது. நம் கல்யாணப் பேச்சு இன்னும் விடவில்லை. அந்த அம்மாளின் வாய்ச்சொல்லுக்காக என்றால் யாழினியின் மூக்கில் ஒரு தையல்கூடப் போடக் கூடாது என்பேன்.

ஆனால் அவளே எனக்குத் தனியாக எழுதியிருக்கிறாள். பத்தாம் வகுப்பிலிருந்தே அவளுக்கு இது மனதில் உறுத்துகிறதாம். இருபத்து நான்கு வயதுப் பெண் தனக்கு வேண்டும் என்று கேட்பது வேறு விஷயம். அதனால் ஆபரேஷன் தியேட்டரில் இத்தனை வருடம் நின்றவள் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததை ஒளிக்காமல் எழுதுகிறேன். அவளிடமும் படிக்கக் கொடு.

அவள் அனுப்பிய படங்கள் எல்லாம் போனைக் கையில் நீட்டி எடுத்தவை. அவற்றை வைத்து ஒரு முடிவுக்கும் வராதீர்கள். ஓர் அடி தூரத்தில் எடுக்கிற படத்தில், ஐந்து அடி தூரத்தில் எடுப்பதைவிட மூக்கு சுமார் 30 சதவீதம் அகலமாகத் தெரியும் என்று 2018-இல் அமெரிக்க மருத்துவர்கள் கணக்கிட்டுக் காட்டியிருக்கிறார்கள். யாராவது தள்ளி நின்று, நேராக ஒன்று, பக்கவாட்டில் ஒன்று, கீழிருந்து ஒன்று எடுக்கட்டும்.

அடுத்து, அகலம் எங்கே இருக்கிறது என்று பார்க்க வேண்டும். மூக்கில் எலும்பு மேல் மூன்றில் ஒரு பங்குதான். கீழே உள்ளதெல்லாம் குருத்தெலும்பு. கண்களுக்கு நடுவிலிருந்து விரலால் தடவிக்கொண்டே இறங்கினால், கெட்டியாக இருப்பது ஓரிடத்தில் முடிந்து அசைகிற பகுதி தொடங்கும். நுனி பருத்திருந்தாலோ நாசித் துவாரத்தின் இரு பக்கமும் விரிந்திருந்தாலோ எலும்பைத் தொட்டு ஒரு பயனும் இல்லை. அதற்கு வேறு ஆபரேஷன். நம் ஊரில் பலருக்கு எலும்பு அகலமே இராது, மூக்குத்தண்டு தாழ்ந்திருக்கும். அதனால்தான் பரந்து தெரியும். அவர்களுக்கு எலும்பை உடைக்காமல், காதிலோ விலாவிலோ குருத்தெலும்பு எடுத்து வைத்துத் தண்டை உயர்த்தினாலே மூக்கு ஒடுங்கித் தெரிந்துவிடும்.

யாழினிக்கு எலும்புதான் என்று எனக்குத் தோன்றுகிறது. ஆறாம் வகுப்பில் பள்ளி ஊஞ்சலிலிருந்து முகம் குப்புற விழுந்தாளே, நினைவிருக்கிறதா? வீக்கம் வடிந்தது, எலும்பு எந்த நிலையில் கூடியது என்று யாரும் பார்க்கவில்லை. வலப்பக்கம் வெளியே தள்ளியிருப்பது பழைய படங்களில்கூடத் தெரிகிறது. ஒரு சி.டி. ஸ்கேன் எடுத்தால் உறுதியாகத் தெரிந்துவிடும்.

“எலும்பையே உடைப்பார்களாமே” என்று பயந்து எழுதியிருந்தாய். உடைப்பதைவிட அறுப்பது என்பதே பொருத்தம். ஆஸ்டியோடமி என்று பெயர். மூக்கெலும்புகள் இரண்டும் வீட்டுக் கூரையின் இரு சரிவுகளைப் போல உச்சியில் சேர்ந்து நிற்கின்றன. முதலில் நடுத்தண்டை, அதாவது இரு துவாரங்களையும் பிரிக்கிற நடுச்சுவரை, ஒட்டி அறுத்து அவற்றை விடுவிப்பார்கள். பிறகு கன்னத்தோடு சேரும் அடிவாரத்தில், கீழிருந்து கண்ணின் உள்முனைக்குக் கிட்டே வரை அறுப்பார்கள். அதன்பின் கட்டைவிரலால் இரு பக்கமும் அழுத்தினால் எலும்பு உள்ளே நகர்ந்துவிடும். சரிவு மிக அகலமாகவோ வெளியே வளைந்தோ இருந்தால் நடுவில் இன்னொரு கோடு அறுக்க வேண்டும். யாழினியின் வலப்பக்கத்துக்கு அது தேவைப்படலாம். மூக்குத்தண்டின்மேல் மேடு இருந்து அதைச் சீவியிருந்தால் உச்சியில் இடைவெளி விழும். எலும்புகளை உள்ளே தள்ளுவதுதான் அதை மூடும் வழியும்.

உளியின் முனை இரண்டு, மூன்று மில்லிமீட்டர்தான். மூக்கின் உள்ளிருந்தும் விடலாம், தோலில் பொட்டளவு கீறியும் விடலாம். சர்ஜன் ஒரு கையில் உளியைப் பிடித்து, மறு கை விரலைத் தோலின்மேல் வைத்து, முனை போகிற இடத்தைத் தொட்டுக்கொண்டே இருப்பார். சுத்தி பல நாள் என் கையில்தான் இருக்கும். இரண்டு தட்டு, நிறுத்தம்; இரண்டு தட்டு, நிறுத்தம். மெல்லிய எலும்பில் ஒரு சத்தம். நெற்றிப்பக்கத்துக் கெட்டி எலும்பை எட்டியதும் சத்தம் மாறிவிடும். அதோடு நிறுத்திவிட வேண்டும். இப்போது பீசோ என்ற அல்ட்ராசவுண்டு ரம்பமும் வந்திருக்கிறது. எலும்பை நேர்த்தியாக அறுக்கும், சதையைக் கிழிக்காது. ஆனால் அது நுழையத் தோலை இன்னும் அகலமாகத் தூக்க வேண்டும். கருவியைப் பார்த்து மருத்துவமனையைத் தேர்ந்தெடுக்காதே. உளியோடு கைபழகிய ஒரு நல்ல சர்ஜன் போதும்.

எனக்குக் கவலை எல்லாம் மூச்சைப் பற்றித்தான். வெளியே குறுக்கினால் உள்ளேயும் குறுகும். மூக்கின் நடுப்பகுதியில் நடுத்தண்டுக்கும் பக்கச் சுவருக்கும் இடையே இருப்பது சின்னக் கோணம். 10 முதல் 15 டிகிரி. காற்றுக்கு அதுதான் மிகக் குறுகலான வாசல். எலும்பைத் தள்ளும்போது குருத்தெலும்பும் உள்ளே சாய்ந்தால் அந்த வாசல் அடைபடும். மூக்கெலும்பு குட்டையாக இருப்பவர்களுக்கு இந்த அபாயம் கூடுதல். தண்டின்மேல் தலைகீழ் ‘வி’ போல ஒரு நிழல் விழுவதும் இதனால்தான். விவரம் தெரிந்த சர்ஜன் அடிவாரத்தில் ஒரு சிறு முக்கோண எலும்பை அறுக்காமல் விட்டுவைப்பார்; நடுத்தண்டிலிருந்து குருத்தெலும்புத் துண்டு எடுத்து இரு பக்கமும் முட்டுக் கொடுப்பார். “மூச்சுக்கு என்ன பாதுகாப்பு செய்வீர்கள்?” என்று யாழினி கேட்கட்டும். அந்தக் கேள்விக்கு முகம் சுளிப்பவரிடம் போக வேண்டாம். கன்னத்தை இழுத்தால்தான் நன்றாக மூச்சு வருகிறது என்று அவள் எழுதியிருக்கிறாள். அப்படியானால் இப்போதே வாசல் குறுகலாக இருக்கலாம்.

மூக்கில் மாட்டுகிற கிளிப், மசாஜ் எல்லாம் வீண். வளர்ந்த எலும்பை அவை அசைக்காது. தோலுக்கடியில் ஜெல் ஏற்றுகிற ஃபில்லர் ஊசி தண்டை உயர்த்திக் காட்டும், ஆனால் எலும்பைக் குறுக்காது. மருந்து ரத்தக்குழாய்க்குள் போனால் தோல் அழுகலாம், அரிதாகக் கண்பார்வையே போகலாம். அழகு நிலையத்தில் அதைச் செய்துகொள்ள நிச்சயம் விடாதே.

பங்குனியில் கல்யாணத்தை வைத்துக்கொண்டு இப்போது ஆபரேஷன் வேண்டவே வேண்டாம். ஒரு வாரம் மூக்கின்மேல் கட்டு இருக்கும். கண்ணைச் சுற்றிக் கன்றிப்போனது மறைய இரண்டு வாரம் ஆகும். நுண்ணிய வீக்கம் முழுவதும் வடிய ஒரு வருடம்கூட ஆகலாம். தோல் தடிப்பாக இருந்தால் இன்னும் நாளாகும். கல்யாண ஆல்பத்தில் இருப்பது பாதி வீங்கிய முகமாக இருக்கும். ஒன்றரை மாதத்துக்குக் கண்ணாடியை மூக்கில் தாங்கவிடக் கூடாது. அவளோ கண்ணாடி இல்லாமல் பஸ் நம்பர்கூடப் படிக்க மாட்டாள். மூக்குத்தியையும் கழற்ற வேண்டும். எல்லாம் சரியாக நடந்தாலும் சிலருக்கு இரண்டாவது ஆபரேஷன் தேவைப்படும் என்பதையும் அவள் தெரிந்துகொள்ளட்டும்.

பணத்தைப் பற்றிக் கேட்டிருந்தாய். அழகுக்காக என்றால் இன்ஷூரன்ஸ் கொடுக்காது. விபத்துக் காயத்தைச் சீராக்கவோ மூச்சுத் தடைக்கோ என்று மருத்துவர் எழுதினால் வழி இருக்கிறது. பாலிசியை முன்கூட்டியே காட்டிக் கேட்டுவிடு. பள்ளியில் அடிபட்டபோது எழுதிய சீட்டு எங்காவது இருந்தால் தேடி வை.

கல்யாணம் முடியட்டும். அவளும் மாப்பிள்ளையும் ஒருவரோடு ஒருவர் பழகட்டும். அதன்பிறகும் யாழினி வேண்டும் என்றால் நான் முழு மனதோடு அவள் பக்கம். மாப்பிள்ளையிடம் இதை அவளே சொல்லட்டும். அத்தைக்குப் பதில் சொல்ல வேண்டிய கடமை யாருக்கும் இல்லை. மூச்சுப் பரிசோதனையை மட்டும் தள்ளிப்போடாதே. தை பிறந்ததும் நான் கோயம்புத்தூருக்கு இறங்குகிறேன். நீங்கள் ஈரோட்டிலிருந்து காலை ரயிலில் வந்துவிட்டால் மூவருமாக ஒரு காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பார்த்துவிடலாம். எந்தத் தேதி வசதி என்று எழுது. அம்மாவுக்கு என் வணக்கம்.

அன்புடன்,
ரெஜினா