ஏத்தன் குலையும் கந்து வட்டியும்

ஆசிரியர் அவர்களுக்கு,

கருங்கல் பக்கம் ஒரு சிறிய கிறிஸ்தவ சபையில் கணக்கு எழுதுகிறவள் நான். அறுப்பின் பண்டிகைக்குக் காணிக்கையாக வந்த விளைச்சலை ஏலம் விட்டபோது, ஓர் ஏத்தன் (நேந்திரன்) வாழைக்குலை மூவாயிரம் ரூபாய்க்குப் போனது. சந்தையில் அதற்குக் கால்வாசிகூடக் கிடைக்காது. ஆண்டவருக்குத்தானே, சரி. ஆனால் ஏலம் கேட்டவர், மகள் கல்யாணத்துக்குக் கந்து வட்டிக்கு வாங்கியவர். நாலு பேர் முன்னால் விட்டுக்கொடுக்க மனசில்லை. 'அடுத்த மாசம் தாறேன் அக்கா' என்று பற்றில் எழுதச் சொன்னார். இப்படி எழுதிய பெயர்கள் நோட்டில் இன்னும் இருக்கின்றன.

பண ஆசையைப் பற்றி (1 தீமோத்தேயு 6:10) வருஷம் முழுக்கப் பிரசங்கம் கேட்கிறோம். கடன் வாங்கினவன் கடன் கொடுத்தவனுக்கு அடிமை என்ற நீதிமொழிகள் 22:7 மட்டும் ஏனோ பிரசங்க மேடைக்கு வருவதில்லை. கோபுரம் கட்ட நினைப்பவன் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்குப் பார்ப்பான் என்று இயேசுவே சொல்லியிருக்கிறார் (லூக்கா 14:28). இங்கே ரப்பர் விலை இறங்கினாலும் சீதனமும் பந்தலும் இறங்குவதில்லை.

திருமண அறிவிப்பை ஆலயத்தில் வாசிக்கும் முன், போதகர் இரு வீட்டாரையும் உட்கார வைத்து, நகை, சாப்பாடு, மண்டப வாடகை, அதில் கடன் எவ்வளவு என்று ஒரு தாளில் எழுத வைக்கலாம். ஏலத்தையும் ரொக்கத்துக்கு மட்டும் நடத்தலாம். கமிட்டியில் சொன்னேன். 'வருமானம் குறையுமே' என்றார்கள். அடுத்த கூட்டத்திலும் கேட்கத்தான் போகிறேன்.

ஒரு வாசகி,
கருங்கல், கன்னியாகுமரி மாவட்டம்