கல்லுக்கு முன்னால் மண்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

இங்கிலாந்தின் வில்ட்ஷயர் பகுதியிலுள்ள பழங்காலக் கல்வட்டமான ஸ்டோன்ஹெஞ்ச் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். கற்களின் எடை, அவை வந்த தொலைவு, சூரியன் உதிக்கும் திசை எல்லாம் விரிவாக இருந்தன. மண்ணைப் பற்றித்தான் ஒரு வரி இல்லை. அங்கே முதலில் உருவானவை கி.மு. 3000 வாக்கில் வெட்டிய வட்ட அகழியும் அதன் கரையும். பெருங்கற்கள் ஏறத்தாழ 500 ஆண்டுகள் கழித்தே நின்றன. அகழிக்கும் முந்தையது, வடக்கே கிட்டத்தட்ட 3 கி.மீ. நீளத்துக்கு ஓடும் கர்சஸ் என்ற, அகழியும் கரையும் சூழ்ந்த நீண்ட நிலப்பட்டை. 18ஆம் நூற்றாண்டில் பழம்பொருள் ஆய்வாளர் வில்லியம் ஸ்டூக்லி அதை ரோமானியரின் தேரோட்டக் களம் என்று எண்ணி, ஓட்டக்களம் எனப் பொருள்படும் அந்த லத்தீன் பெயரை இட்டார்.

ஏரிக்கரை வேலைகளிலேயே பணிக்காலம் கழிந்தவன் நான். அகழி என்றால், வெட்டிய மண்ணை எந்தப் பக்கம் கொட்டினார்கள் என்றுதான் முதலில் பார்ப்பேன். கோட்டையானால் கரை உள்ளே, அகழி வெளியே; ஏறி வரும் எதிரி பள்ளத்தில் நிற்க வேண்டும். அதே வில்ட்ஷயர் பகுதியிலுள்ள மற்றொரு பழங்கால வட்டமான ஏவ்பரியில் அகழி உள்ளே, கரை வெளியே. எதிரி வந்தால் கரைமேல் நின்று உள்ளிருப்பவர்களைக் குனிந்து பார்க்கலாம்! காவலுக்கு இப்படி யாரும் வெட்டமாட்டார்கள். உள்ளே நடக்கும் சடங்கை வெளியுலகிலிருந்து பிரித்து வைத்த எல்லை அது என்ற ஆய்வாளர் கருத்தே எனக்குச் சரியாகப் படுகிறது. இவ்வகை வட்டங்களுக்கு 'ஹெஞ்ச்' என்ற பெயர் ஸ்டோன்ஹெஞ்சிலிருந்து வந்தது. ஆனால் அங்கே பெரிய கரை அகழிக்கு உட்பக்கம் இருக்கிறது. கட்டுரையாளர் இதையும் சொல்லியிருக்கலாம்.

ஏவ்பரி அகழியின் ஆழம் ஏறத்தாழ 9 மீட்டர். கரையின் சுற்றளவு ஒரு கிலோமீட்டருக்கும் மேல். இரும்பு அறியாதவர்கள் மான்கொம்பால் சுண்ணாம்புப் பாறையைப் பெயர்த்து அதை வெட்டினார்கள். 1908 முதல் 1922 வரை தொல்லியலாளர் செயின்ட் ஜார்ஜ் கிரே தோண்டி அடிமட்டத்தைக் கண்ட பிறகுதான் அந்த ஆழமே தெரியவந்தது. இன்று பாதிக்குமேல் தூர்ந்து, புல் மூடிக் கிடக்கிறது. வெட்டிய புதிதில் கரை முழுவதும் வெள்ளைவெளேரென்று நின்றிருக்கும். அந்த வெண்மையை எண்ணிப் பார்க்காமல் அங்கு நடந்த சடங்கை எப்படி மனத்தில் காண்பது?

அருகிலுள்ள சில்பரி குன்றையும் விட்டிருக்கக் கூடாது. 30 மீட்டர் உயரமுள்ள அந்தச் செயற்கை மேட்டை 1776, 1849, 1968 என மூன்று முறை துளைத்தார்கள். கல்லறை எதுவும் அகப்படவில்லை. முதலில் இறக்கிய குழி 2000ஆம் ஆண்டு உச்சியில் உள்வாங்கியது. உள்ளே விட்டுப்போன வெற்றிடங்களை நிரப்பும் வேலை 2007இல் தொடங்கி மறு ஆண்டுதான் முடிந்தது. ஆழம் அறியும் ஆசையில் செய்த அந்தக் கேட்டை நினைத்தால் எனக்கு மனம் பொறுக்கவில்லை.

அடுத்த முறை எழுதும்போது கற்களின் படத்தோடு ஏவ்பரி அகழியின் குறுக்குவெட்டுப் படம் ஒன்றையும், பக்கத்தில் ஓர் ஆள் நிற்கிற அளவில் வரைந்து, வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

தங்கள் நெடுநாள் வாசகர்,
ஓய்வுபெற்ற பாசனப் பொறியாளர், தஞ்சாவூர்