பெர்க்ராவ் பாடத்தை 1942இல் தொடங்காதீர்கள்

நோர்வேயில் தமிழ்ப் பிள்ளைகளுக்கு வரலாறு சொல்லிக்கொடுக்கும் ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள ஆசிரியர்களுக்கு,

வணக்கம். மே 8 விடுதலை நாளையொட்டி வகுப்பில் ஒஸ்லோப் பேராயர் ஐவிண்ட் பெர்க்ராவின் பெயர் எப்படியும் வந்துவிடும். நாஜிகளை எதிர்த்தார், சிறைப்பட்டார், நாடு மீண்டது என்று மூன்று வரியில் முடித்துவிடலாம். பிழையில்லைத்தான். ஆனால் அவர் என்ன செய்தார், எந்த ஒழுங்கில் செய்தார் என்பது அதில் விடுபட்டுப் போகிறது. பிள்ளைகள் அறியவேண்டியது அதைத்தான் என்பதால் இம்மடலை எழுதுகிறோம்.

1940 ஏப்ரலிலிருந்து தொடங்குங்கள். ஜேர்மன் படை ஏப்ரல் 9 அன்று புகுந்தது. சில நாட்களில் பெர்க்ராவ் வானொலியில் பேசினார்: பொதுமக்கள் சண்டையில் தலையிட வேண்டாம், நாசவேலையில் இறங்க வேண்டாம் என்றார். உயர்நீதிமன்றத் தலைவர் பால் பெர்க்குடன் சேர்ந்து, ஏப்ரல் 15 அன்று நிர்வாக சபை ஒன்று அமைய உதவினார். படையெடுப்பன்று தன்னைத்தானே அறிவித்துக்கொண்டு ஆறு நாள் ‘பிரதமராக’ இருந்த, நோர்வேயின் நாஜிச் சார்புக் கட்சித் தலைவர் குவிஸ்லிங் அதனால் ஒதுக்கப்பட்டார். ஜேர்மனியரோடு பேசித்தான் அது நடந்தது. வானொலிப் பேச்சுக்காகப் பிறகு அவர் நிறையவே திட்டு வாங்கினார். இதை மறைத்துவிட்டு வீரக்கதை சொன்னால், இரண்டே ஆண்டில் அதே மனிதர் எப்படி மாறினார் என்ற கேள்வி பிள்ளைகளுக்கு எழவே எழாது.

அடுத்து, அரச திருச்சபை என்றால் என்ன என்பதற்கு முழுதாகப் பத்து நிமிடம் ஒதுக்குங்கள். இன்றைய பிள்ளைகளுக்கு அது தெரிய வாய்ப்பில்லை. 2012இல் அரசியலமைப்பு திருத்தப்பட்டது; 2017 ஜனவரி 1 முதல் நோர்வேத் திருச்சபை தனிச் சட்ட ஆளாகிவிட்டது. அன்று அப்படியில்லை. பேராயரை அரசரும் அமைச்சரவையும் நியமித்தார்கள், போதகருக்கு அரசு சம்பளம் கொடுத்தது. அதாவது போதகர் ஒரு அரச ஊழியர். இது விளங்காவிட்டால் 1942இல் நடந்த எதுவும் விளங்காது.

1941 ஜனவரி 15 அன்று ஏழு பேராயர்களும் திருச்சபைத் துறையின் பொறுப்பிலிருந்த ஸ்கான்கேக்கு மடல் எழுதினார்கள். ஹிர்ட் எனப்பட்ட, குவிஸ்லிங் கட்சியின் குண்டர் படையின் வன்முறை, உயர்நீதிமன்ற நீதிபதிகள் பதவி விலகும் நிலை வந்தமை, போதகரிடம் ஒருவர் அந்தரங்கமாகச் சொன்னதைக் காவல்துறைக்குச் சொல்லவேண்டும் என்ற உத்தரவு ஆகிய மூன்று விடயங்களை அது கேட்டது. மூன்றும் சட்டத்தின் ஆட்சி பற்றிய கேள்விகள் என்பதைக் கவனியுங்கள். பதில் திருப்தியாக இல்லை. பெப்ரவரியில் இக்கடிதப் போக்குவரத்தையே மேய்ப்பர் மடலாக அச்சடித்துச் சபைகளுக்கு அனுப்பினார்கள். காவல்துறை பிரதிகளைப் பறித்தது. அதற்குள் பல ஆலயங்களில் வாசித்தாயிற்று.

“அதிகாரத்துக்குக் கீழ்ப்படி என்று வேதாகமம் சொல்லவில்லையா?” என்று ஒரு பிள்ளை கட்டாயம் கேட்கும், கேட்கவும் வேண்டும். மார்ட்டின் லூத்தர் வழிவந்த நோர்வேத் திருச்சபையினருக்கு அது பெரிய முட்டுக்கட்டை. பெர்க்ராவ் 1941இல் ஓர் உரையில் லூத்தரிடமிருந்தே விடை எடுத்தார்: வண்டிக்காரனுக்குப் பித்துப் பிடித்து வண்டியைக் கண்டபடி ஓட்டினால், உள்ளே இருப்பவன் கைகட்டி இருக்கலாமா? சட்டத்தை மதிக்காத அதிகாரம் கீழ்ப்படிதலைக் கேட்கும் உரிமையை இழக்கிறது என்பதே அவர் வாதம். 1952இல் ஹனோவரில் கூடிய உலக லூத்தரன் மாநாட்டிலும் இதே பொருளில் பேசினார்.

1942க்கு வாருங்கள். பெப்ரவரி 1 அன்று குவிஸ்லிங் மீண்டும் பதவியேற்றார். துரொண்ட்ஹைம் பேராலயத்தில் காலை ஆராதனையைக் கட்சிக்காரர் எடுத்துக்கொள்ள, பேராலயத்தின் தலைமைப் போதகர் ஃபியெல்பூ பிற்பகலில் வேறோர் ஆராதனை வைத்தார். காவல்துறை கதவை மறித்தது. உள்ளே போகமுடியாத கூட்டம் கடுங்குளிரில் வெளியே நின்று லூத்தரின் கீர்த்தனையைப் பாடியது. ஃபியெல்பூ நீக்கப்பட்டார். பெப்ரவரி 24 அன்று ஏழு பேராயர்களும் பதவி விலகினார்கள்.

இந்த இடத்தில்தான் பலரும் சறுக்குகிறார்கள். ‘திருச்சபையை விட்டு விலகினார்கள்’ என்று சொல்லாதீர்கள். அரசு கொடுத்ததை மட்டும்தான் திருப்பிக் கொடுத்தார்கள்: நியமனம், சம்பளம், அலுவலகம். குருப்பட்டத்தில் கிடைத்த பொறுப்பை அரசு கொடுக்கவில்லை, ஆகவே அரசு எடுக்கவும் முடியாது என்றார்கள். ஈஸ்டர் ஞாயிறு, ஏப்ரல் 5 அன்று, ‘திருச்சபையின் அடித்தளம்’ என்ற ஆறு பகுதி அறிக்கை ஆலயங்களில் வாசிக்கப்பட்டது. அதை முதன்மையாக எழுதியவர் பெர்க்ராவ். ஏறத்தாழ 93 வீதமான போதகர்கள் அரசப் பதவியைத் துறந்தார்கள், ஊழியத்தை விடவில்லை. அரசுச் சம்பளம் நின்றது. சபையார் கொடுத்த காணிக்கையில் குடும்பங்கள் வாழ்ந்தன. கட்சி நியமித்த போதகர்களோ வெறும் இருக்கைகளுக்குப் பிரசங்கித்தார்கள்.

அறிக்கையின் நான்காம் பகுதி உங்களுக்கு நேரடியாகவே உரியது. பிள்ளைகளை வளர்ப்பதில் பெற்றோருக்கும் திருச்சபைக்கும் உள்ள உரிமையை அது பேசுகிறது. 10 முதல் 18 வயது வரையானோரைக் கட்சியின் இளைஞர் அணியில் சேர்க்க பெப்ரவரி 5 அன்று வந்த சட்டத்துக்கு எதிரான பதில் அது. ஆசிரியர்களும் மறுத்தார்கள், சுமார் 1,100 பேர் கைதாகி, 500க்கும் மேற்பட்டோர் வடக்கே ஷிர்கனெஸ் வரை கப்பலில் கொண்டுபோகப்பட்டார்கள். சட்டத்தையும் நான்காம் பகுதியையும் ஒரே தாளில் பக்கம் பக்கமாக அச்சிட்டுக் கொடுங்கள். எங்கள் எண்ணத்தில் ஒரு மணிநேர விரிவுரையைவிட அந்தத் தாள் மேல்.

பெர்க்ராவும் கைதானார். அவர் கிரீனி என்ற நாஜிச் சிறை முகாமில் இருந்ததாக நினைப்பவர்கள் உண்டு. பிரெட்வெய்ட் சிறையில் சில நாள் வைத்து, பின் ஆஸ்கரில் ஒரு மரவீட்டில் மூன்று ஆண்டு காவலில் வைத்தார்கள். கொல்லப்படும் அபாயம் உண்மையாகவே இருந்தது. 1942 ஏப்ரலில், ஹிட்லரை எதிர்த்த ஜேர்மனியரான பொன்ஹோஃபரும் மொல்ட்கேயும் நோர்வே வந்துபோனதையும் சொல்லுங்கள், ஆனால் அவர்களை பெர்க்ராவோடு சந்திக்க வைத்துவிடாதீர்கள். 1945 ஏப்ரலில் அவர் தப்பி, விடுதலைவரை ஒஸ்லோவில் மறைந்திருந்தார்.

கடைசியாக, கசப்பான ஒன்று. யூதர்களுக்காகத் திருச்சபை குவிஸ்லிங்குக்கு எழுதிய மடலை பெர்க்ராவ் பெயரில் எழுதாதீர்கள். அப்போது அவர் காவலில் இருந்தார். எழுதியது திருச்சபையின் தற்காலிகத் தலைமை, மற்றச் சபைகளும் சேர்ந்தே. அதன் நாள் 1942 நவம்பர் 10. யூத ஆண்கள் அக்டோபர் 26 அன்றே பிடிபட்டிருந்தார்கள். நவம்பர் 26 அன்று ‘டோனாவ்’ கப்பல் 500க்கும் மேற்பட்ட யூதர்களை ஏற்றிக்கொண்டு ஒஸ்லோவிலிருந்து புறப்பட்டது. 1941 ஜனவரி மடலின் மூன்று விடயங்களிலும் யூதர் பற்றி ஒரு சொல் இல்லை. நாட்களைக் கரும்பலகையில் வரிசையாக எழுதிவிட்டு, ஏன் இவ்வளவு தாமதம் என்று பிள்ளைகளையே கேளுங்கள்.

அன்புடன்,
வரலாறு வாசிக்கும் நண்பர்கள் சிலர்