வெள்ளி ஏன் மின்னுகிறது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வெள்ளிகள், அதாவது நட்சத்திரங்கள், விளக்குப் போல எரிந்தெரிந்து அணைவதால்தான் மின்னுகின்றன என்று ரியூசனில் சொன்னார்களாம். பேத்தி வந்து சொன்னாள். சரி, பார்ப்போம் என்று உப்புவெளிக் கடற்கரைக்குக் கூட்டிப்போனேன்.

கடலுக்குச் சற்று மேலே சிரியஸ் என்ற வெள்ளி சிவப்பு, பச்சை, நீலம் என்று துடித்தது. 8.6 ஆண்டுகள் பயணித்து வந்த ஒளி, கடைசியில் நம் காற்றில்தான் தள்ளாடுகிறது. சூடும் குளிருமாகப் புரளும் காற்று அதை அங்குமிங்கும் வளைக்கிறது. அடிவானத்தை ஒட்டிப் பார்க்கையில் ஒளி கடக்கும் காற்று அதிகம், துடிப்பும் அதிகம். இரண்டு மணித்தியாலத்தில் அது மேலேறியதும் வெகுவாக அடங்கியிருந்தது.

வியாழன் அசையவேயில்லை. கோள் நமக்குப் புள்ளியல்ல, சிறு வட்டம். ஒரு பக்கத்து நடுக்கத்தை மறுபக்கம் ஈடுசெய்துவிடும்.

பேத்தி கச்சான் கொறித்துக்கொண்டே, "அப்ப நிலவில நிண்டு பாத்தா மின்னாதா, அப்பப்பா?" என்றாள். மின்னாது.

ஒரு வாசகர்,
திருகோணமலை