இடது பக்கத்து ஜெட்

கோயம்புத்தூர்,
கார்த்திகை 12.

அன்புள்ள மூர்த்தி,

எட்டு மாதமாகக் கடிதம் போடவில்லை என்று நீ திட்டுவதற்கு முன்னால் சொல்லிவிடுகிறேன், நீயும்தான் போடவில்லை. இங்கே எல்லோரும் சௌக்கியம். அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. இப்போது என் தலையில் எத்தனை நரை என்று எண்ணிச் சொல்கிறாள். பெரியவளுக்குத் தை மாதம் பிரசவம். அவ்வளவுதான் வீட்டு விஷயம். மற்றதெல்லாம் வண்டி விஷயம். போனில் சொல்ல இரண்டு முறை எடுத்தேன், இரண்டு முறையும் கிரிக்கெட் பேசிவிட்டு வைத்துவிட்டேன். அதனால்தான் காகிதம்.

நம் பழைய ஆர்.டி. பைக்கை, அந்த இரண்டு சிலிண்டர், இரண்டு கார்பரேட்டர் வண்டியை, மறுபடி எழுப்பிவிட்டேன். கொரோனா வந்த வருடம் தார்ப்பாய் போட்டு மூடியதுதான், ஐந்து வருடம் தொடவே இல்லை. டேங்க் மூடியைத் திறந்தால் பெட்ரோல் வாசனை இல்லையடா, பழைய வார்னிஷ் டப்பாவைத் திறந்த வாசனை. உள்ளே துரு. ஒரு பிடி நட்டு போல்ட்டைப் போட்டு, வீட்டுக்கார அம்மாவும் நானும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து மாவு சலிப்பதுபோல் ஆட்டினோம். "கல்யாணமான புதுசுல தூரி ஆட்டறேன்னு சொன்னீங்க, இதானா அது?" என்றாள். பதில் சொல்லவில்லை.

முதல் நாள் ஸ்டார்ட் ஆனது. என்ன சத்தம்! பக்கத்து வீட்டுப் பையன் ஓடி வந்துவிட்டான். 1987 மாடல் என்றதும் அவன் அப்பாவின் வயது சொல்கிறமாதிரி பார்த்தான். இரண்டே நிமிடம்தான், பெட்ரோலையும் காற்றையும் கலக்கிற இடது கார்பரேட்டரிலிருந்து ஓவர்ஃப்ளோ ஆகித் தரையெல்லாம் பெட்ரோல். பெட்ரோல் வரும் வாயை அடைக்கிற ஃப்ளோட் நீடிலைக் கழற்றிப் பார்த்தால் முனையில் மோதிரம் போட்டமாதிரி தேய்ந்த கோடு. அது அந்த வாயில் சரியாக உட்காராவிட்டால் பெட்ரோல் நிற்காது. மாற்றினேன், ஓவர்ஃப்ளோ நின்றது.

ஆனால் நமக்குப் பழக்கமான அந்தப் பழைய வியாதி நிற்கவில்லை. காந்திபுரம் சிக்னல் வரைக்கும் போய் வருவதற்குள் இடது சிலிண்டர் விட்டு விட்டு எரிகிற மிஸ்ஸிங். ப்ளக்கைக் கழற்றினால் அடுப்புக்கரி. அவிநாசி ரோட்டில் நன்றாக முறுக்கினால் தானாகத் தெளிந்துவிடும். நினைவிருக்கிறதா? முப்பது வருடத்து நோய், அட்சரம் பிசகாமல் அப்படியே இருக்கிறது.

முதலில் எத்தனாலைத் திட்டினேன். இப்போது பங்க்கில் வருவதில் நூற்றுக்கு 20 பங்கு அதுதானே. காற்றில் இருக்கிற ஈரத்தை உறிஞ்சும், பழைய ரப்பரை ஊதவைக்கும், எல்லாம் உண்மை. ஆனால் அதிலேயே ஆக்சிஜன் இருப்பதால் கலவையில் பெட்ரோல் குறைந்து மெலியத்தான் செய்யும். ப்ளக் வெளுக்க வேண்டும், கருக்கக் கூடாது. அப்புறம் கலந்த பெட்ரோல் இரண்டு கார்பரேட்டருக்கும் ஒரே டேங்கிலிருந்துதானே போகிறது, இடது பக்கத்துக்கு மட்டும் என்ன தனிக் கோபம்? இப்போதெல்லாம் வண்டியில் எது கெட்டாலும் எத்தனால் என்கிறார்கள். நானும் ஒரு வாரம் அந்தக் கூட்டத்தில் இருந்தேன்.

பிறகு ஒவ்வொன்றாக. இரண்டு ப்ளக்கையும் இடம் மாற்றினேன், கருப்பு இடது பக்கமே நின்றது. தீப்பொறி கொடுக்கிற காயிலை மாற்றினேன், பாயிண்ட் கேப் பார்த்தேன், அதே கதை. த்ராட்டிலை முறுக்கினால் கார்பரேட்டருக்குள் ஸ்லைடு இரண்டும் ஒன்றாக எழும்புகிறதா என்று என் ஷேவிங் கண்ணாடியைக் கார்பரேட்டர் வாய்க்கு நேராகப் பிடித்துப் பார்த்தேன், சரியாகத்தான் எழும்புகிறது. வலது பக்கம் ஏர் ஸ்க்ரூ ஒன்றரைச் சுற்றில் ஜம்மென்று இருக்க, இடது பக்கம் மூன்று சுற்றுத் திறந்து காற்றை விட்டும் கரி அடங்கவில்லை. அங்கேதான் எனக்கு வயிற்றில் ஏதோ செய்தது.

கார்பரேட்டருக்குள் பெட்ரோலை அளந்து விடுகிற துளை போட்ட ஜெட்டுகளைக் கழற்றினேன். பித்தளை பச்சை பிடித்திருந்தது. க்ளீனர் ஸ்ப்ரே தீர்ந்துவிட்டது, வீட்டுக்கார அம்மா குத்துவிளக்குக்குக் கரைத்து வைத்திருந்த புளித்தண்ணீரில் போட்டுவிட்டேன். அரை மணி நேரத்தில் தங்கம். அம்மாவின் பஞ்சாங்க லென்ஸை வாங்கி, பைலட் ஜெட் இரண்டையும் உள்ளங்கையில் பக்கத்துப் பக்கத்தில் வைத்து வெயிலில் பார்த்தேன். இரண்டிலும் ஒரே நம்பர். வலது ஜெட்டின் துளை ஊசி குத்தினமாதிரி வட்டம். இடது ஜெட்டின் துளை ஒரு பக்கமாக இழுபட்டு, எள்ளின் வடிவத்தில், ஓரத்தில் இரண்டு கீறல்.

அந்தக் கீறல் என்னுடையது, மூர்த்தி.

1993-இல் நீ அக்கா வீட்டு விசேஷத்துக்குத் திருப்பூர் போயிருந்தாய். வண்டி ஐடிலிங்கில் நிற்கவில்லை. மறுநாள் நான் ஒருவர் முன்னால் அதில் போய் இறங்க வேண்டியிருந்தது (யார் என்று உனக்குத் தெரியும், இப்போது அவளுக்குப் பேரன் இருக்கிறான்). நானே பிரித்தேன். அடைத்திருந்த ஜெட்டில் பழைய க்ளட்ச் கேபிளின் ஒரு இழையை விட்டுக் குடைந்தேன். எஃகு இழை, மெல்லிய பித்தளை. எவ்வளவு குடைந்தேன் என்று கேட்காதே. ஸ்டார்ட் ஆனது, போய் இறங்கினேன், அவள் பார்க்கக்கூட இல்லை.

பைலட் ஜெட் வேலை செய்வது ஐடிலிங்கிலும் கால் த்ராட்டிலிலும்தான். அதற்கு மேல் முறுக்கினால் நீடிலும் மெயின் ஜெட்டும் பார்த்துக்கொள்ளும். ஊருக்குள் கருக்கும், அவிநாசி ரோட்டில் தெளியும். இப்போது எழுதும்போது எவ்வளவு எளிதாக இருக்கிறது!

பழியை நீ சுமந்தாய். எண்ணெயைத் தானாகவே கொடுக்கிற ஆயில் பம்பை நம்பாமல் டேங்கிலும் ஒரு மூடி 2டி எண்ணெய் ஊற்றுவாய் என்பதற்காக உனக்குச் செக்கு என்று பெயர் வைத்தோம். உன் கல்யாணப் பத்திரிகையிலேயே அந்தப் பெயரைப் போடப் பார்த்தோம். டேங்கில் ஊற்றிய எண்ணெய் இரண்டு சிலிண்டருக்கும்தானே போகும், இரண்டு ப்ளக்கும் அல்லவா கருக்க வேண்டும்? நம் ஆறு பேரில் மூன்று பேர் இன்ஜினியர். ஒருத்தனுக்கும் தோன்றவில்லை.

பர்லியாறு மலைப்பாதையில் நடந்ததும் இருக்கிறது. குன்னூர் இண்டர்வியூவுக்கு நீயும் நானும் கல்லாறு தாண்டி ஏறுகிறோம், முன்னால் லாரி, வளைவுக்கு வளைவு கால் த்ராட்டிலில் உருட்டல். மேலே போகப் போகக் காற்று வேறு மெலிந்து கலவை இன்னும் கெட்டியாகும். ப்ளக் செத்தது. கைவசம் இருந்த ஒரு ப்ளக்கைப் போட்டோம், அதுவும் அரை மணியில் செத்தது. நீ வெள்ளைச் சட்டையோடு பஸ்ஸைக் கைகாட்டிக்கொண்டு நின்றாய். "உன் எண்ணெயாலதான்டா போச்சு" என்று அந்த ரோட்டில் கத்தியவன் நான். பதினோரு மணி இண்டர்வியூவுக்கு நீ போய்ச் சேர்ந்தபோது ஒன்றே கால்.

நம் மெக்கானிக் ஸ்பேனர் அண்ணன் அப்போதே சொன்னார். இடது ப்ளக்கைக் கட்டை விரலில் தேய்த்துக் காட்டி, "இது எண்ணெய்க் கருப்பு இல்லீங் தம்பி, எண்ணெயா இருந்தா பிசுபிசுங்கும். இது காஞ்ச கரி, பெட்ரோல் ஜாஸ்தி" என்றார். ரெண்டு ஜெட்டையும் பக்கம் மாத்திப் பாக்கலாம் என்று ஸ்க்ரூ டிரைவரை எடுத்தார். வேண்டாம் அண்ணா, நேரமாகிறது என்று தடுத்தது நான்தான். அப்போது எனக்குத் தெரியுமா தெரியாதா என்று நேற்றிரவு நெடுநேரம் யோசித்தேன். பாதி தெரியும் என்றுதான் தோன்றுகிறது.

அண்ணன் போன ஐப்பசியில் தவறிவிட்டார். உனக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள் என்று நினைக்கிறேன். கடை இருந்த இடத்தில் இப்போது செல்போன் கவர் விற்கிறார்கள்.

அந்த வேலை கிடைத்திருந்தால் நீ ஓசூர் போயிருக்க மாட்டாய், கமலாவைப் பார்த்திருக்கவும் மாட்டாய், ஆகவே எனக்கு நன்றி சொல் என்று கிண்டலாக முடிக்கலாம் என்றுதான் பேனாவை எடுத்தேன். வரவில்லை. அந்தப் பஸ்ஸில் ஏறும்போது நீ திரும்பிப் பார்த்தாயே, அதுதான் வருகிறது.

சரி, வேலை விஷயம். ஜெட்டை ஜோடியாகவே புதிதாகப் போட்டுவிட்டேன். நேற்று உக்கடம் வரை நெரிசலில் போய் வந்து பார்த்தேன், இரண்டு ப்ளக்கும் ஒரே காப்பி நிறம். இனி ஆர்.சி.யைப் புதுப்பிக்க வேண்டும், கெடு தாண்டி எத்தனையோ நாளாகிவிட்டது. வண்டி இன்னும் உன் பேரில்தான் இருக்கிறது, உன் கையெழுத்து இல்லாமல் ஆகாது. பிரசவம் முடிந்ததும் எழுதுகிறேன், கமலாவையும் கூட்டிக்கொண்டு வா. வழியில் 2டி வாங்கி வராதே, இங்கே இருக்கிறது.

அந்தப் பழைய ஜெட்டைப் பஞ்சில் சுற்றி, உள்ளே ஒரு மாத்திரை அட்டையில் ஒட்டி வைத்திருக்கிறேன். கவரை ஜன்னல் பக்கம் வைத்துப் பிரிக்காதே, மிளகு அளவுதான் இருக்கும், விழுந்தால் கிடைக்காது.

உன்,
செல்வராசு.