பொறுத்துப் பார்க்கலாம் என்று இருக்காதே, மீனா

பள்ளத்தூர்,
கார்த்திகை மாதம்

அன்புள்ள மீனா,

உன் கடிதம் கிடைத்தது. இங்கே எல்லாரும் நலம். இந்த வருஷம் மழை பரவாயில்லை, ஊருணியில் படி மூழ்கத் தண்ணீர் நிற்கிறது. நாம் பல்லாங்குழி ஆடிய அந்தப் பெரிய வீட்டைப் பிரிக்க ஆரம்பித்துவிட்டார்கள். பங்காளிகள் ஒருவழியாக ஒத்துப்போய்விட்டார்களாம். பர்மாத் தேக்குத் தூண்கள் காரைக்குடிப் பழைய சாமான் கடைக்குப் போகின்றன. நினைத்தால் மனசு ஆறவில்லை, அதை அப்புறம் விவரமாக எழுதுகிறேன். இப்போது உன் பேரனைப் பற்றித்தான் பேச வேண்டும்.

இரண்டு வயது முடியப் போகிறது, ஒரு வார்த்தையும் வரவில்லை, பேர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புவதில்லை, கார் பொம்மையைக் கவிழ்த்துப்போட்டுச் சக்கரத்தையே சுற்றிக்கொண்டிருக்கிறான் என்று எழுதியிருக்கிறாய். சம்பந்தி அம்மாள், "அவன் அப்பனும் மூணு வயசுலதான் வாய் திறந்தான், ஆம்பளைப் பிள்ளை மெதுவாத்தான் பேசும், பொறுத்துப் பார்ப்போம்" என்கிறாராம். நீயும் அரை மனசாகத் தலையாட்டியிருக்கிறாய். கிராமச் சுகாதாரச் செவிலியராகப் பையைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாகப் போனவள் என்ற உரிமையில் சொல்கிறேன், பொறுக்க வேண்டாம். தாமதமாகப் பேசி நன்றாக வந்த பிள்ளைகள் உண்டு. ஆனால் எந்தப் பிள்ளை தானாகத் தேறும், எதற்குக் கைகொடுக்க வேண்டும் என்பதை வீட்டில் உட்கார்ந்துகொண்டு யாராலும் சொல்ல முடியாது. சோதித்துப் பார்த்து ஒன்றுமில்லை என்றால் ஒரு நாள் அலைச்சலோடு போயிற்று. ஏதோ இருக்கிறது என்றால், வீணாகப் போன மாதங்களை யார் திருப்பித் தருவார்கள்? மூளை ஓடி ஓடி வளரும் வயசு இது.

உனக்கு ஆட்டிசமாக இருக்குமோ என்ற பயம். அதுவாக இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். பேச்சு வராத எந்தப் பிள்ளைக்கும் முதலில் காதைத்தான் பார்க்க வேண்டும். "டிவியில் விளம்பரம் வந்தால் ஓடிவருகிறான், காது நன்றாகத்தான் கேட்கிறது" என்று எழுதியிருக்கிறாயே, அதை வைத்து முடிவுக்கு வராதே. ஓய்வு பெறுவதற்குக் கொஞ்ச காலம் முன்னால், பக்கத்து ஊர் அங்கன்வாடியில் ஒரு பெண் குழந்தையைப் பார்த்தேன். ஒன்றரை வயசு. "கதவைச் சாத்தினா திரும்பிப் பார்க்கிறாளே அக்கா" என்று தாய் அடித்துச் சொன்னாள். நான் பின்னால் போய் நின்றபோதும் அவள் திரும்பினாள். ஆனால் வாசல் வெயில் என் முதுகில், என் நிழல் குழந்தைக்கு முன்னால் விழுந்து கிடந்தது. நிழல் விழாத பக்கமாகப் போய், கண்ணில் படாமல் உட்கார்ந்து கிலுகிலுப்பையை ஆட்டினேன். தரையில் கிடந்த பாயின் பிரியைப் பிய்த்துக்கொண்டே இருந்தாள். பலமாக ஆட்டினேன். மற்றப் பிள்ளைகள் எல்லாம் திரும்பின, அவள் திரும்பவில்லை. கதவு சாத்தும்போது அவளுக்கு எட்டியது தரையின் அதிர்வுதான். தாய் என் கையிலிருந்து கிலுகிலுப்பையை வாங்கித் தானே ஆட்டிப் பார்த்தாள். அப்புறம் தாம்பாளத்தைக் கொண்டுவரச் சொல்லித் தட்டிப் பார்த்தாள்.

விசாரித்தால், பிறந்த வாரத்தில் குழந்தைக்கு மஞ்சள் காமாலை கடுமையாக இருந்திருக்கிறது. ஓர் ஆஸ்பத்திரியில் நாள் கணக்கில் நீல விளக்கில் வைத்திருந்தார்கள். உயிரைக் காப்பாற்றிக் கொடுத்தார்கள், அதற்குக் கையெடுத்துக் கும்பிட வேண்டும். ஆனால் டிஸ்சார்ஜ் சீட்டில், காதைச் சோதிக்க வேண்டும் என்று ஒரு வரி இல்லை. அவ்வளவு ஏறிய காமாலை காது நரம்பைக் கெடுக்கும் என்பது மருத்துவத்தில் புதிய செய்தியே அல்ல. எனக்கு இன்றைக்கும் அந்த விடுபட்ட வரியின் மேல்தான் கோபம்.

ஏன் கோபம் என்றால், நீ கேட்ட கேள்விக்குப் பதிலும் அதில்தான் இருக்கிறது. "உலகம் பூராவும் இந்த மாதிரிப் பிள்ளைகள் கூடிவிட்டார்களா, இல்லை இப்போதுதான் நம் கண்ணில் படுகிறதா" என்று கேட்டிருந்தாய். 2018-ல் லான்செட் குளோபல் ஹெல்த் இதழில் ஓர் ஆய்வு வந்தது. நைஜீரியாவின் லாகோஸ் நகரத்துக் குழந்தைகள் மருத்துவர் போலாஜோகோ ஒலுசான்யா முன்னின்று எழுதியது. 195 நாடுகளில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளின் கணக்கு. பார்வைக் குறைபாடு, காது கேளாமை, அறிவுத்திறன் குறைபாடு, வலிப்பு, ஆட்டிசம், ஏ.டி.எச்.டி. எனும் கவனக்குறைவும் அதீதத் துறுதுறுப்பும் என்று ஆறை எடுத்துக்கொண்டார்கள். 1990-ல் இவற்றில் ஏதாவது ஒன்று இருந்த குழந்தைகள் 5 கோடியே 30 லட்சம். 2016-ல் 5 கோடியே 29 லட்சம். கூடவும் இல்லை, குறையவும் இல்லை. நூறு குழந்தைகளில் எட்டுப் பேருக்கு மேல் வருகிறது. இவர்களில் 95 சதவீதம் பேர் ஏழை நாடுகளிலும் நம்மைப் போன்ற நடுத்தர நாடுகளிலும் இருக்கிறார்கள். எண்ணிக்கையில் முதலிடம் இந்தியாவுக்கு.

அதே காலத்தில் இறப்பு என்ன ஆயிற்று தெரியுமா? ஐந்து வயது முடியும் முன்னே இறந்த குழந்தைகள் 1990-ல் ஒரு கோடியே 20 லட்சத்துக்கும் மேல். 2016-ல் 56 லட்சம். பாதிக்கும் கீழே இறங்கிவிட்டது. தடுப்பூசி, உப்புச் சர்க்கரைக் கரைசல், ஆஸ்பத்திரிப் பிரசவம் எல்லாம் சேர்ந்து செய்த வேலை. நானும் அதில் என் பங்குக்கு ஓடியிருக்கிறேன், அந்தப் பெருமை எனக்கு உண்டு. ஆனால் மீனா, பிழைக்க வைத்ததோடு நிறுத்திவிட்டோம். எங்கள் பதிவேட்டில் இறப்புக்குக் கட்டம் இருந்தது, மாதம் தவறாமல் மேலிடத்தில் கேட்டார்கள். பிழைத்த குழந்தை உட்கார்ந்ததா, பார்த்ததா, கேட்டதா, சிரித்ததா என்பதற்கு வெகுகாலம் கட்டமே கிடையாது. குறைமாதக் குழந்தைக்கு ஒரு மாதத்துக்குள் கண் விழித்திரையைப் பார்க்க வேண்டும், பிறந்ததும் அழாத குழந்தையின் தலை நிற்பதையும் கை கால் விறைப்பையும் தொடர்ந்து கவனிக்க வேண்டும். இதெல்லாம் 2013-ல் ராஷ்டிரிய பால் ஸ்வாஸ்த்ய காரியக்ரம் என்ற மத்திய அரசின் குழந்தைகள் நலத் திட்டம் வந்த பிறகுதான் அங்கன்வாடி, பள்ளிக்கூடம் என்று ஓர் ஒழுங்குக்கு வர ஆரம்பித்தது. குறையைச் சீக்கிரம் கண்டு உதவி தொடங்குகிற, மாவட்டத்துக்கு ஒரு ஆரம்பநிலை இடையீட்டு மையமும் அதில் வந்ததுதான். டி.இ.ஐ.சி. என்று கேட்டால் வழி காட்டுவார்கள்.

இன்னொன்றும் அந்த ஆய்வில் என்னை உறுத்தியது. இந்தச் சின்ன வயசில் எண்ணிக்கையில் முன்னால் நிற்பவை பார்வையும் காதும்தான். ஆட்டிசம் அவற்றுக்கு வெகு பின்னால். டார்ச் விளக்கும் கிலுகிலுப்பையும் வைத்தே முதல் சந்தேகத்தை எழுப்பிவிடலாம் என்கிற இரண்டிலேயே நாம் இவ்வளவு தவற விட்டிருக்கிறோம்.

நம் நாட்டிலும் பார்த்திருக்கிறார்கள். பல்வல், காங்ரா, டேங்கனால், வடக்கு கோவா, ஹைதராபாத் என்று ஐந்து இடங்களில் இரண்டிலிருந்து ஒன்பது வயது வரையுள்ள பிள்ளைகளை சோதித்தார்கள். அதுவும் 2018-ல் வெளியானது. மூளை, நரம்பு வளர்ச்சி சம்பந்தப்பட்ட ஒன்பது குறைகளில் ஒன்றாவது ஏறக்குறைய எட்டில் ஒரு பிள்ளைக்கு இருந்தது. நம் தெருவில் எத்தனை வீட்டில் பிள்ளைகள் இருக்கிறார்கள் என்று எண்ணிப்பார். இதைத் தலைக்குனிவு என்று உன் மகள் ஏன் நினைக்க வேண்டும்?

2023-ல் உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் சேர்ந்து விட்ட அறிக்கையில் உலகத்தில் இப்படிக் குறை உள்ளவர்கள் 31 கோடியே 70 லட்சம் என்று இருக்கும், குழம்பிவிடாதே. அதில் பெரிய பிள்ளைகளும் வளரிளம் பருவத்தினரும் சேர்த்தி. ஆட்டிசம் மட்டும் எடுத்தால், 2021 கணக்குப்படி உலகத்தில் 127 பேரில் ஒருவருக்கு. அமெரிக்காவில் 2022-ல் எட்டு வயதுப் பிள்ளைகளில் 31 பேருக்கு ஒருவர் என்று வந்திருக்கிறது. அங்கே தேடிப் பார்க்கிறார்கள், வரையறையும் முன்னைவிட விரிந்திருக்கிறது. இந்த ஏற்றத்தில் பெரும்பங்கு அதனால்தான்.

மாப்பிள்ளை தடுப்பூசியால் வந்திருக்குமோ என்கிறாராம். அவரிடம் நல்லபடியாகச் சொல். 1998-ல் அப்படி ஒரு கட்டுரை வந்தது உண்மை. அதை வெளியிட்ட மருத்துவப் பத்திரிகையே 2010-ல் திரும்பப் பெற்றுக்கொண்டது. டென்மார்க்கில் ஆறரை லட்சம் குழந்தைகளைப் பார்த்துவிட்டு, சம்பந்தமில்லை என்று 2019-ல் சொல்லிவிட்டார்கள். உண்மையில் தடுப்பூசிதான் காப்பாற்றுகிறது. கர்ப்பிணிக்கு ரூபெல்லா அம்மை வந்தால் பிறக்கும் குழந்தைக்குக் காதும் கண்ணும் இதயமும் கெடும். 2017-ல் நம் பள்ளிக்கூடங்களில் ஊசி போட்டபோது எவ்வளவு வதந்தி, எத்தனை வீட்டு வாசலில் நின்று பேசியிருக்கிறோம்! செல்போனும் ஆட்டிசத்தைக் கொண்டுவராது. ஆனாலும் போனை அவன் கையில் கொடுக்காதீர்கள். அவன் முகம் பார்க்க வேண்டிய நேரத்தை அது தின்றுவிடும்.

சொந்தத்தில் கட்டியதையும் கேட்டிருந்தாய். இதை மறைத்துப் பேச எனக்கு இஷ்டமில்லை. அம்மான் மகள், அயித்தை மகன் என்று தலைமுறை தலைமுறையாகக் கட்டுகிற நம் பக்கத்தில், ஒரே மரபணுக் குறை இரண்டு பக்கத்திலிருந்தும் வந்து சேரும் வாய்ப்பு கூடுகிறது. பிறவிக் காது கேளாமையில் அது தெரியும். கனெக்சின் 26 என்ற புரதத்தை உருவாக்கும் மரபணுவின் கோளாறு நம் நாட்டில் அடிக்கடி காணப்படுகிறது. அதற்காகச் சொந்தத்தில் கட்டிய எல்லார் பிள்ளைக்கும் குறை வரும் என்றில்லை, பெரும்பாலான பிள்ளைகள் நன்றாகத்தான் பிறக்கிறார்கள். இனிக் கட்டப் போகிறவர்கள் மரபணு ஆலோசனை கேட்டுக்கொள்ளட்டும். ஏற்கெனவே பெற்றவளைக் கூடத்தில் உட்கார வைத்து விசாரணை செய்வதுதான் எனக்குப் பொறுக்காது. உன் வீட்டில் அது நடக்காமல் நீ பார்த்துக்கொள்.

ஒன்று யோசித்தாயா? நம் பிள்ளைத்தமிழில் மாதக் கணக்கு இருக்கிறதே. ஐந்தாம் மாதம் கையூன்றித் தலையாட்டும் செங்கீரை, ஒன்பதில் கைகொட்டும் சப்பாணி, பதின்மூன்றில் தளர்நடை போட்டு வருகிற வாரானை, பதினைந்தில் நிலாவைக் காட்டும் அம்புலி. இன்றைக்கு மருத்துவர் கேட்பதும் கிட்டத்தட்ட இவைதான். அதிலும் அம்புலி. நாம் விரல் நீட்டினால் பிள்ளை விரலைப் பார்க்காமல் விரல் காட்டும் திசையைப் பார்க்க வேண்டும், தானும் ஒன்றை நீட்டிக் காட்டிவிட்டு நம் முகத்தைத் திரும்பிப் பார்க்க வேண்டும். ஒன்றரை வயசில் இது இல்லையென்றால் மருத்துவர்கள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்வார்கள். உன் பேரனை இன்று மாலை மொட்டை மாடிக்குத் தூக்கிப்போய்க் காக்காயோ விமானமோ காட்டிப் பார். என்ன செய்தான் என்று தேதி போட்டு ஒரு நோட்டில் எழுதிவை. டாக்டர் கேட்கும்போது "எப்பவாவது பார்ப்பான்" என்று இழுக்காமல் சொல்லலாம். போனில் வீடியோ எடுத்துக்கொண்டு போனால் இன்னும் நல்லது, ஆஸ்பத்திரியில் பிள்ளை பயந்து ஒன்றும் செய்ய மாட்டான்.

சென்னையில் இருப்பது உனக்கு வசதி. எழும்பூர் அரசு குழந்தைகள் மருத்துவமனை இருக்கிறது. முட்டுக்காட்டில் பல்வகைக் குறைபாடு உள்ளவர்களுக்கான மத்திய அரசின் நிப்மெட் நிறுவனம் இருக்கிறது, பல துறைக்காரர்களும் ஒரே வளாகத்தில் பார்ப்பார்கள். காதுக்கு ஓ.ஏ.இ., அதாவது உள்காது வேலை செய்கிறதா என்று பார்க்கும் சோதனை; தேவைப்பட்டால் பெரா, ஒலி நரம்பு வழியாக மூளைக்கு எட்டுகிறதா என்று பார்ப்பது. பெராவுக்குப் பிள்ளை தூங்க வேண்டும், அதனால் அன்று காலையில் சீக்கிரம் எழுப்பிவிட்டு, வழியில் தூங்க விடாமல் கொண்டு போங்கள். இன்ன குறை என்று டாக்டர் பெயர் சொல்லும் வரை காத்திருக்காமல் பேச்சுப் பயிற்சியைத் தொடங்கச் சொல்லிக் கேள். ஆட்டிசம் என்று உறுதியானாலும் இல்லாவிட்டாலும் பயிற்சி வீண் போகாது. பயிற்சியில் பாதி வீட்டில்தான் நடக்க வேண்டும் என்பதை மட்டும் மகளும் மாப்பிள்ளையும் புரிந்துகொள்ள வேண்டும். வாரத்தில் ஒரு மணி நேரம் தெரபிஸ்ட் செய்வதை மீதி நாளெல்லாம் வீட்டுக்காரர்கள் செய்யாவிட்டால் பிடிப்பதில்லை.

அந்தப் பெண் குழந்தை என்ன ஆனாள் என்று கேட்பாய். முதலில் காதில் கருவி மாட்டினார்கள், போதவில்லை. அப்புறம் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் காக்ளியர் இம்ப்ளாண்ட், ஆபரேஷன் செய்து உள்காதில் பொருத்தும் கருவி. ஆறு வயசுக்குள் என்றால்தான் திட்டத்தில் வரும், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. அதைவிடப் பெரிய பாடு அதற்குப் பிறகு வந்தது. மதுரைக்குப் பஸ் ஏறினால் ஒரு நாள் கூலி போச்சு. தகப்பன் திருப்பூரில். நடுவில் பல வாரம் விட்டுப்போயிற்று. அவளுடைய அப்பத்தாதான் பிடித்துக்கொண்டார். சமைக்கும்போது பேத்தியை அடுப்படியில் பக்கத்தில் உட்கார வைத்து, கரண்டி, உழக்கு, முறம் என்று ஒவ்வொன்றையும் தன் வாய்க்குப் பக்கத்தில் தூக்கிப் பிடித்துப் பேர் சொல்வார். குழந்தை அவர் வாயையும் சாமானையும் மாறி மாறிப் பார்க்கும். எழுதப் படிக்கத் தெரியாத அப்பத்தா, தெரபிஸ்ட் சொன்னதை ஒரு நாள் விடாமல் செய்தார். இப்போது அவள் பள்ளிக்கூடம் போகிறாள். பேச்சில் கொஞ்சம் மழுக்கம் உண்டு, ஆனால் பக்கத்து வீட்டுக்காரர்களுக்கும் புரிகிறது.

செலவுக்குப் பயப்பட வேண்டாம். ஏதாவது உறுதியானால் மாற்றுத்திறனாளிகளுக்கான யு.டி.ஐ.டி. அடையாள அட்டைக்கு எழுதிப் போடுங்கள். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் ஆட்டிசமும் காது கேளாமையும் உட்பட 21 வகை இருக்கின்றன. பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது அது கைகொடுக்கும். சான்றிதழ் வாங்கினால் பிள்ளைக்கு முத்திரை குத்தியதாகிவிடும் என்று யாராவது சொன்னால் என்னிடம் பேசச் சொல்.

பிள்ளையார் நோன்பு முடிந்ததும் எனக்கு வேலை ஒன்றும் இல்லை. பல்லவன் எக்ஸ்பிரஸில் ஏறினால் மத்தியானம் உன் வீட்டில் இருப்பேன். நான் வந்த பிறகு போகலாம் என்று மட்டும் காத்திருக்காதே. காது சோதனைக்கு இந்த வாரமே தேதி வாங்கு. சம்பந்தி அம்மாளுக்கு வருத்தம் இல்லாமல் எப்படிச் சொல்வது என்று தயங்கினால், அவருடைய போன் நம்பரை அனுப்பு, நானே பேசுகிறேன். மகளுக்கு மேலுக்கு எப்படி இருக்கிறது, ராத்திரி தூங்குகிறாளா என்பதையும் மறக்காமல் எழுது.

அன்புடன்,
தெய்வானை