கீதாவுக்கு: அந்தப் பட்டியல் வேண்டாம்

அன்புள்ள கீதா,

நீ மூன்று கடிதம் போட்டும் நான் வாய் திறக்காதது தப்புத்தான், நேரில் திட்டிக்கொள். அம்மா நலம். ரவி அதே ரவிதான்.

வீடியோ கேம் பழக்கம் கோளாறாகிவிட்டதா என்று பார்க்கிற கேள்வித்தாளில் அதிக மதிப்பெண் வாங்கிய பிள்ளைகளின் பெயரைப் பெற்றோர் கூட்டத்தில் வாசிக்கப்போகிறார்கள் என்று எழுதியிருந்தாயே, அதிலிருந்து மனசே ஆறவில்லை. எப்படியாவது தடுத்துவிடு.

கணக்கைப் பார். ஆயிரம் பிள்ளைகளில் 20 பேருக்கு நிஜமாகவே கோளாறு என்று வை. தாள் அவர்களில் 90 சதவீதத்தைப் பிடிக்கிறது, மற்றவர்களில் 95 சதவீதத்தைச் சரியாக விட்டுவிடுகிறது. நல்ல தாள்தான். அப்படியும் 18 பேரோடு, ஒன்றுமில்லாத 49 பேரும் சேர்ந்து மாட்டுவார்கள்!

நீ சொல்வது பொன்டெஸ், கிரிஃபித்ஸ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 2015-இல் வெளியிட்ட தாள். அமெரிக்க மனநல மருத்துவர்களின் நோய்க் கையேடான டிஎஸ்எம்-5 சொல்லும் ஒன்பது அறிகுறிக்கு ஒன்பது கேள்வி, ஒவ்வொன்றுக்கும் 1 ('ஒருபோதும் இல்லை') முதல் 5 ('மிக அடிக்கடி') வரை, மொத்தம் 9 முதல் 45 வரை. ஐந்து கேள்விக்காவது 'மிக அடிக்கடி' என்று பதில் வந்தால்தான் சந்தேகமே படலாம். வெறும் கூட்டுத்தொகையை வைத்து யாரையும் முத்திரை குத்த முடியாது.

அந்தத் தாளின் தமிழாக்கத்தில்தான் எனக்குப் பெரிய கவலை. விளையாடும் நேரத்தை வீட்டாரிடம் மறைத்தாயா என்று ஒரு கேள்வி. கேட்க ஆளில்லாத வீட்டுப் பிள்ளைக்கு மறைக்கவே அவசியமில்லை. கண்டிப்பான வீட்டில் அரை மணி நேரம் ஆடியவனும் மறைப்பான். கடைசிக் கேள்வியில் உறவு, வேலை, படிப்பு மூன்றும் ஒன்றாகக் கிடக்கின்றன. பதிமூன்று வயசுப் பையன் எதை நினைத்துப் பதில் போடுவான்? இருவர் தனித்தனியே மொழிபெயர்க்கட்டும், மூலத்தைப் பார்க்காத மூன்றாமவர் திருப்பி ஆங்கிலமாக்கட்டும். பிறகு பத்துப் பிள்ளைகளைத் தனித்தனியே உட்காரவைத்து, ஒவ்வொரு கேள்வியும் என்ன கேட்கிறது என்று அவர்கள் வார்த்தையில் சொல்லச் சொல்.

கடந்த 12 மாதத்தில் ஆடவே ஆடாதவர்களை முதலிலேயே பிரித்துவிடு. எல்லாவற்றுக்கும் 1 போட்ட தாள்கள் சேர்ந்தால் க்ரோன்பாக் ஆல்ஃபா, அதாவது கேள்விகள் ஒன்றோடொன்று எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று காட்டும் எண், பொய்யாக ஏறும். பதில்கள் 1-இலேயே குவியும் என்பதால், எந்தக் கேள்விகள் ஒன்றுசேர்ந்து ஒரே விஷயத்தை அளக்கின்றன என்று பார்க்கும் காரணிப் பகுப்பாய்வில் அவற்றை வரிசைத் தரவாக (சம இடைவெளி எண்களாக அல்ல, வெறும் படிகளாக) எடு. பையன்கள், பெண்கள் இருவருக்கும் தாள் ஒரே மாதிரி அளக்கிறதா என்று பார்க்காமல் சராசரியை ஒப்பிடாதே.

எல்லாரும் விட்டுவிடுகிற வேலை ஒன்று உண்டு: நேர்காணல். மதிப்பெண் தெரியாத மனநல மருத்துவர் ஒருவர், அதிகம் வாங்கியவர்களையும் குறைவாக வாங்கியவர்களையும் பார்த்துப் பேச வேண்டும். அதில்லாமல், இத்தனை மதிப்பெண்ணுக்கு மேல் கோளாறு என்று வெட்டுப்புள்ளி வைப்பது குருட்டாம்போக்கு.

உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலான ஐசிடி-11-ஐ ஒட்டி, ஜெர்மனியின் ஹாம்பர்க்கில் 2020-இல் வளரிளம் பிள்ளைகளுக்காகச் செய்த காடிஸ்-ஏ என்ற கேள்வித்தாளையும் பார். அறிகுறி தனி, பாதிப்பு தனி என்று பிரித்து, இரண்டும் எல்லை தாண்டினால்தான் கணக்கில் எடுக்கிறது. நிறைய ஆடுகிறவனெல்லாம் நோயாளியில்லை என்பதை இவ்வளவு தெளிவாகக் காட்டுவதால் எனக்கு அதன்மேல் தனிப் பிரியம்.

தமிழ்த் தாளை உடனே அனுப்பு. கூட்டம் எந்தத் தேதி?

அன்புடன்,
வசந்தி